கூட்டாய்வுத் தலைவருக்கு ஒரு பரணி

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவன்மீது பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் விதி வகுத்தன. ஆயிரம் பக்க அறிக்கையை அச்சேற்றியவர்மீது என்ன பாடுவது என்று எந்த நூலும் சொல்லவில்லை. சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு வகை என்பார்கள். அத்தனையிலும் இவருக்கென்று ஓர் இடம் ஒதுக்காமல் விட்டது முன்னோர் செய்த பிழைதான். செய்யுள் எனக்கு வராது. உரைநடையிலாவது இந்தக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். வளங்குன்றா எதிர்காலத்துக்காகப் பல துறை ஆய்வாளர்களை ஒரே குடையின்கீழ் திரட்டி வழிநடத்தும் நம் கூட்டாய்வுத் தலைவர் வாழ்க.

தலைவர் என்று நான் சொல்வது யாரோ ஒருவரை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கல்விக்கூடம் எதிலும் அப்படி ஒருவர் இருப்பார். கோட்டின் மடிப்பில் 17 நிறச் சக்கரம் ஒன்றைக் குத்தியிருப்பார். 2015இல் ஐநா வகுத்த 17 இலக்குகளும் அவர் நெஞ்சுக்கு நேரே சுழலும். அந்த இலக்குகளுக்குக் கீழே 169 உட்குறிக்கோள்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் அந்த வட்டத்தில் இடம் போதாமல் போனது அவர் குற்றமா என்ன?

அவருடைய முதல் சாதனை, முகம் பார்த்தறியாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது. ஒரே வளாகத்தில் சிவில் கட்டடமும் விலங்கியல் கட்டடமும் இருக்கும். நடுவில் ஒரு டீக்கடை. முப்பது வருடமாக இரண்டு கட்டடத்துக்காரர்களும் அங்கே வந்து டீ குடித்துவிட்டு, அவரவர் வந்த வழியே திரும்பிப் போவார்கள். அவர்களை நட்சத்திர விடுதி ஒன்றின் குளிரூட்டிய அரங்குக்கு அழைத்துவந்து, கழுத்தில் பெயரட்டை மாட்டி, கையில் ஒரு துணிப்பையும் மூங்கில் பேனாவும் கொடுத்து, 'ஐயா, இவர்தான் அவர்' என்று அறிமுகம் செய்துவைத்தது நம் தலைவர்தான். டீக்கடையிலேயே பேசியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நிதி ஒதுக்கீட்டின் நுட்பம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. டீக்கடையில் பேசிய பேச்சுக்கு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் எழுத முடியுமா?

அரங்குக்குள் நடப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். புவி வெப்பமாதல் பற்றிய அமர்வில் எல்லோரும் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். ஏசியைக் குறைக்கச் சொல்வது எந்தத் துறையின் பொறுப்பு என்று முடிவாகியிருக்காது. முதலில் நீரியல் பேராசிரியர் நாற்பது படவில்லைகளைக் காட்டுவார். அடுத்து பொருளியல் பேராசிரியர், 'எனக்கு முன் பேசியவர் சொன்னது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை' என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார். சபையும் சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் துறைகளுக்கிடையே முதன்முதலாக நிகழும் உண்மையான உரையாடல். நம் தலைவர் அதைக் குறித்துக்கொண்டு, 'செழுமையான கருத்துப் பரிமாற்றம்' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுவார்.

பரிமாற்றத்தோடு விட்டுவிடுவாரா? வேலையைப் பிரிப்பதில்தான் அவருடைய மேதைமை துலங்கும். கூட்டாய்வு என்றால் ஒருவர் அறிவு மற்றவர் அறிவில் போய்க் கலந்து, கேள்வியே மாறிப்போகும் என்று பயந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. அப்படி ஓர் அசம்பாவிதமும் நடக்காமல் அவர் பார்த்துக்கொள்கிறார். பணித்தொகுப்பு ஒன்று நீருக்கு, இரண்டு மண்ணுக்கு, மூன்று பறவைக்கு, நான்கு மக்களுக்கு. மக்களைப் பற்றிய தொகுப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். பணமும் அந்த வரிசைப்படிதான் தேயும். ஒவ்வொருவரும் போன திட்டத்தில் என்ன செய்தார்களோ அதையே இந்தத் திட்டத்திலும் செய்யலாம். மூன்றாம் ஆண்டின் இறுதி மாதத்தில் எல்லோரும் அவரவர் அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஆய்வு மாணவர் ஒருவர் எழுத்துருவை ஒன்றாக்கி, பக்க எண் போட்டு, கடைக்குக் கொண்டுபோவார். அங்கே ஸ்பைரல் போடும் இயந்திரம் இருக்கிறது. நீரும் மண்ணும் பறவையும் மக்களும் முதல்முறையாக ஒன்றிணைவது அந்த இயந்திரத்தில்தான்.

இது நம்மூர்ப் பெருமை மட்டும் என்று எண்ணினால் உலகத் தலைவர்களுக்கு வருத்தம் வரும். 1970இல் பிரான்சின் நீஸ் நகரில், பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஓஈசிடி அமைப்பு ஒரு கருத்தரங்கு கூட்டியது. ழான் பியாஜே, எரிக் யான்ட்ச் போன்ற பெரியவர்கள் உட்கார்ந்து, துறைகள் ஒன்றோடொன்று உறவாடுவதற்குப் படிநிலைகளே வகுத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் எந்தக் கூட்டாய்வுப் பட்டறையிலும் முதல் நாள் முற்பகல் அந்தப் படிநிலைகளை விளக்குவதிலேயே போகிறது; ஒரு மரபை இவ்வளவு பக்தியோடு காப்பாற்றுகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? 2012இல் ரியோ மாநாட்டில் 'பியூச்சர் எர்த்' என்ற பேரமைப்பை அறிவித்தார்கள். 1987 முதல் புவிமண்டலத்தையும் உயிர்மண்டலத்தையும் சேர்த்து ஆராய்ந்துவந்த ஐஜிபிபி 2015இல் இதற்கு வழிவிட்டு மூடப்பட்டது. பல்லுயிர் பற்றிய டைவர்சிடாஸும், மனிதச் சமூகம் பற்றிய ஐஎச்டிபியும் இதற்குள் கரைந்தன. சிதறிக் கிடந்ததை ஒன்றாக்குவதுதான் நோக்கம். ஆகவே ஒரே செயலகத்தை மான்ட்ரியல், பாரிஸ், ஸ்டாக்ஹோம், டோக்கியோ, போல்டர் என்று ஐந்து நகரங்களில் வைத்தார்கள். பாரிஸ் மதிய உணவை முடிக்கும்போது டோக்கியோ படுக்கப் போகும். ஒற்றுமையை இவ்வளவு பரவலாக வேறு யார் விநியோகித்திருக்கிறார்கள்!

தலைவருடைய கருணையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. இரண்டு துறைகளை உண்மையாகவே கற்றுக்கொள்ளும் ஆபத்தான ஆசை சில இளைஞர்களுக்கு வருகிறது. ஒரு பெண் நீரோட்டக் கணக்கும் படிப்பாள், மீனவக் குப்பங்களில் போய் உட்கார்ந்தும் வருவாள். அவளுக்கு நேரப்போவதை நினைத்து உலகமே கவலைப்படுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சிலுக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை லின்டெல் புரோம்ஹாம் குழுவினர் ஆராய்ந்து 2016இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். விண்ணப்பம் எந்த அளவுக்குத் தொலைவான துறைகளை இணைக்கிறதோ அந்த அளவுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது அதன் முடிவு. துறைகளை இணையுங்கள் என்று அழைப்பு விடுவதற்கும், இணைத்தவர்களைக் கைவிடுவதற்கும் இடையில் எங்கும் முரண்பாடு தோன்றாதபடி நடத்திச் செல்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

நம் நாட்டில் இன்னும் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, இருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு மதிப்பெண், கூட எழுதியவர்களுக்கு ஆளுக்கு 30. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது பழமொழி. கூடி எழுதினால் முப்பது. பதவி உயர்வுக்கு நாள் நெருங்கிய உதவிப் பேராசிரியர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்பதே அநாகரிகம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெண்ணின் பட்டம் கேட்கப்பட்ட பாடத்துக்கு இணையானதுதானா என்று அரசாணையைத் தேடுவார்கள். பொறியியல் துறை, 'இது சமூகவியல் மாதிரி இருக்கிறதே' என்னும். சமூகவியல் துறை, 'நல்ல ஆய்வுதான், ஆனால் பொறியியலில் கேட்டுப் பாருங்களேன்' என்னும். நேர்காணல் குழுவில் நம் தலைவரே இருப்பார். பல்துறை ஆய்வின் அருமை அறிந்தவர் என்பதால் வாயெல்லாம் சிரிப்பாக அவளைப் பாராட்டுவார். வேலையை மட்டும் அசல் துறைக்காரர் யாருக்காவது கொடுப்பார். துறை தூய்மையாக இருந்தால்தானே நாளைக்குத் துறைகளை இணைக்க முடியும்?

தலைவரின் பெருமையை முழுதாக உணர வேண்டுமானால், அவர் இல்லாமல் நடந்த ஒரு கூட்டுமுயற்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தென்சென்னையில் பள்ளிக்கரணையில் அப்படி ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் பல துறைகள் கைகோத்து இவ்வளவு முழுமையாக முடித்த காரியம் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த கழுவெளி அது. சுற்றியிருக்கும் 31 ஏரிகளின் உபரிநீரும், சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும் சரிந்து வந்து அங்கே நின்று, கோரைக்கும் நாணலுக்கும் நடுவே நிதானப்பட்டு, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். பூநாரை, கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, ஊசிவால் வாத்து என்று நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்கே வந்துபோயின. இத்தனை வேலை செய்த நிலத்துக்கு அரசுப் பதிவேட்டில் கிடைத்த பெயர், பயனற்ற நிலம்.

அந்தப் பெயரிடலே கூட்டுமுயற்சியின் முதல் படி, நிர்வாகவியலின் பங்களிப்பு. அதன்பின் ஒவ்வொரு துறையாகத் தாமே வந்து சேர்ந்தன. பொறியியல், பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் வரை இருநூறடிச் சாலையைச் சதுப்பின் நடுவே போட்டு அதை இரண்டாக்கித் தந்தது. நகராட்சியியல் தன் பங்குக்கு, பெருங்குடியில் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து மலையாக அடுக்கியது. கழிவுநீர் வந்தது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. தகவல் தொழில்நுட்பம் ஓஎம்ஆர் சாலை ஓரமாகக் கண்ணாடிக் கோபுரங்களோடு வந்து உட்கார்ந்தது. அறிவியல் மட்டும் பின்தங்குமா? கடல்சார் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, காற்றாற்றலுக்கு ஒன்று என இரண்டு தேசிய ஆய்வு நிறுவனங்கள் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இடம்பிடித்தன. கடலை ஆராய்பவர்களும் காற்றை ஆராய்பவர்களும் ஒரு நன்னீர்ச் சதுப்பில் வந்து குடியேறியதைவிடத் துறைகடந்த மனப்பான்மைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

சிறிய துறைகளையும் மறந்துவிடக் கூடாது. சட்டம் பத்திரம் எழுதிக் கொடுத்தது. வங்கியியல் இருபது வருடத் தவணையில் வீட்டுக்கடன் தந்தது. விளம்பரவியல் 'ஏரியைப் பார்த்த பால்கனி' என்று வண்ணத்தில் அச்சிட்டது. வாஸ்துகூட, ஈசானிய மூலையில் நீர் இருப்பது நல்லது என்று உறுதி சொன்னது. ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கினார். மண் லாரி ஓட்டியவருக்கும் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் இருந்த இசைவைப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளாவது ஒன்றாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றே தோன்றும். புரிந்துணர்வு ஒப்பந்தம் கிடையாது. இடைக்கால மதிப்பாய்வு கிடையாது. பெயரட்டை கிடையாது. இப்படி அரசு, தனியார், அறிவியல், பொதுமக்கள் என்று நான்கு தரப்பும் தலைவர் இல்லாமலே கூடி, ஒரு சதுப்பின் பெரும்பகுதியைத் தரையாக்கிக் காட்டினார்கள்.

நிரப்புவதற்குத் தலைமை தேவைப்படவில்லை. மிஞ்சியதைக் காப்பதற்குத் தேவைப்படுகிறது. நம் தலைவர் களத்தில் இறங்கும் கட்டம் இது.

களம் என்றால் அந்தக் களம் இல்லை. சதுப்பில் இறங்கினால் சேறு. சதுப்பு தெரியும் உயரத்தில் ஓர் அரங்கம் போதும். 2007இல் 317 ஹெக்டேர் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. ரயில் வந்த அதே வருடம். 2022இல் 1,247.54 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை துல்லியம் இருப்பதைக் கவனியுங்கள். அந்த எல்லைக்கோடு தரையில் எந்த வீட்டுக்குப் பின்னால், எந்தச் சர்வே எண்ணில் ஓடுகிறது என்பது மட்டும் 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போய் வழக்காடும் விஷயமாக இருந்தது. தாளில் ஹெக்டேரின் நூறில் ஒரு பங்கு வரை கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தரையில் கல் ஊன்றுவதெல்லாம் சின்ன வேலை. சின்ன வேலைகளைத் தலைவர் பணித்தொகுப்பில் சேர்ப்பதில்லை.

வெள்ளம் வந்தால் நாமெல்லாம் கலங்கிப்போகிறோம். தலைவர் கலங்குவதே இல்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் படகு ஓடியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை மறுபடி மூழ்கியபோதும், அவருக்கு அதில் அரிய தரவுகள் தெரிந்தன. எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் இரண்டு வெள்ளம் என்றால், ஒப்பாய்வுக்கு இதைவிடப் பொருத்தமான களம் எங்கே கிடைக்கும்? தண்ணீர் வடிந்த சுவர்க்கோட்டை அளக்க மாணவர்களை அனுப்பினார். வீட்டுக்காரர்கள் அந்தக் கோட்டைத் துடைத்து வெள்ளையடிக்கும் முன்பே அளந்து முடித்த அந்த வேகத்தை நான் மனதார மெச்சுகிறேன்.

பங்குதாரர் கூட்டம் என்று ஒன்று வைப்பார். பாராட்டுக்குரிய மரபு அது. சதுப்பில் வலை வீசும் பெரியவர் ஒருவரைக் காரில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். பொன்னாடை உண்டு. படம் எடுப்பார்கள், அந்தப் படம்தான் அறிக்கையின் அட்டை. நிகழ்ச்சி நிரலில் அவருக்கு ஐந்து நிமிடம். எழுந்து நின்று, 'சார், மடுவுல அடைச்சிருக்கிறத எப்ப சார் எடுப்பீங்க? தண்ணி போக வழியில்லாமத்தான சார் ஊருக்குள்ள ஏறுது' என்பார். தலைவர் முகம் மலரும். 'அருமையான கேள்வி ஐயா. சமூகத்தின் மரபறிவுன்னு நாங்க சொல்றது இதைத்தான்' என்று கைதட்டச் சொல்வார். எல்லோரும் தட்டுவார்கள். பெரியவரும் எதற்கென்று தெரியாமல் தட்டிவிட்டு உட்காருவார். அவருடைய கேள்வி பின்னிணைப்பு ஏழில், 'உள்ளூர் கருத்துநிலைகள்' என்ற தலைப்பில் இடம்பெறும். நீரியல் பேராசிரியர் நாற்பது படவில்லைகளில் சொன்னதும் அதே சங்கதிதான் என்பதை யாரும் சொல்லிக் காட்டாத அந்த நாகரிகம் இருக்கிறதே, அதற்குத்தான் தலைமைப் பண்பு என்று பெயர்.

இனிச் சொல்வது கொஞ்சம் வருத்தமான கதை. 2022 ஜூலையில் பள்ளிக்கரணையை ராம்சர் தலமாக அறிவித்தபோது கூடவே பிச்சாவரத்தையும் அறிவித்தார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அலையாத்திக் காட்டில் 1990களில் ஒரு கூட்டாய்வு நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் செய்தது. தலைமைக்கு உதாரணமாகக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை.

அவர்கள் செய்த முதல் தவறு, காட்டுக்குள் போனது. காடு நடுநடுவே சொட்டையாகிக் கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று அதுவரை எல்லோரும் வசதியாக நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்திவிட்டு வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு மட்டம் பார்த்தார்கள், உப்பை அளந்தார்கள், பழைய வனத்துறைத் திட்டங்களைப் புரட்டினார்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டு காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையடித்தது தெரியவந்தது. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிச் சேறு இறுகி, தரை தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறி ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத நிலமானது. குற்றவாளி ஊர்க்காரர் என்று வந்த வழக்கில், காட்டை நிர்வகித்த முறைதான் குற்றவாளி என்று முடிந்தது. திட்டத்தில் பங்காளியாக இருக்கும் ஒரு துறையைப் பார்த்து இப்படியா கண்டுபிடிப்பது?

அதோடாவது நின்றார்களா? இயற்கைக் கழியிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சின்ன வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, ஓதம் தினமும் வந்துபோக வழி செய்தார்கள். உப்பு கழுவிப் போனது. கரையோரங்களில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நட்டார்கள். ஊர்க்குழுக்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பக்கத்திலிருந்த இருளர் குடியிருப்பையும் விட்டுவைக்கவில்லை. மரம் வளர்ந்துவிட்டது. எது நீரியல், எது தாவரவியல், எது வரலாறு, எது சமூகவியல் என்று பிரிக்கவே முடியாதபடி எல்லாவற்றையும் சேற்றில் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டியவருக்கு எத்தனை விழுக்காடு? ஓதம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஏறும் என்று சொன்ன மீனவருக்கு 70ஆ, 30ஆ? இந்த அடிப்படை ஒழுங்குகூட இல்லாத ஆய்வு.

பின்விளைவும் ஒழுங்காக இல்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலூர்க் கரையில் மரங்களின் மறைவில் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று 2005இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் அந்த ஆண்டே அதே திசையில் எழுதினார்கள். உடனே வேறு சிலர், மரம் காரணமில்லை, கடலிலிருந்து ஊர் இருக்கும் தூரமும் நிலத்தின் உயரமும்தான் காரணம் என்று கணக்கோடு மறுத்தார்கள். நாலு பேர் பார்க்க இப்படி மோதிக்கொள்ளலாமா? நம் தலைவரிடம் வந்திருந்தால் இரு தரப்பையும் ஒரே ஆசிரியர் பட்டியலில் சேர்த்து, 'சேதத்தின் அளவைப் பல்வேறு காரணிகள் தீர்மானிக்கின்றன' என்று ஒரே வரியில் எல்லோரையும் திருப்திப்படுத்தியிருப்பார். அந்த வரியைப் படித்து எந்த ஊரும் எந்த மேட்டுக்கும் குடிபெயரப் போவதில்லை. ஆனால் யார் மனதும் புண்பட்டிருக்காது.

ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்: பிச்சாவரத்தில் காடு மிஞ்சியது, தலைவர் யாரும் மிஞ்சவில்லை. பள்ளிக்கரணையில் தலைவர்கள் ஏராளம். ஒரு நாடு எதைப் பெருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் தலையெழுத்தைப் பொறுத்தது.

நம் தலைவரின் திட்டம் இப்போது நிறைவுக்கு வந்திருக்கிறது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள். முதல் பரிந்துரை, துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு வேண்டும். இரண்டாவது, ஒருங்கிணைப்புக்கென ஒரு மையம் வேண்டும். மூன்றாவது, மேலும் ஆய்வு தேவை. இந்த மூன்றும் திட்டம் தொடங்குவதற்கு முன் எழுதிய விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலும் இருந்தன என்று ஒரு குறும்புக்கார மாணவர் கண்டுபிடித்திருக்கிறார். மூன்று ஆண்டு கடும் உழைப்புக்குப் பிறகும் கொண்ட கொள்கையிலிருந்து ஓர் அங்குலம் நகராத உறுதியை அவர் அதில் கண்டிருக்க வேண்டும்; இளமை, பாவம். இரண்டாம் கட்டத்துக்கான விண்ணப்பம் தயாராகிறது. இம்முறை துறைகள் ஏழிலிருந்து பதினொன்றாகின்றன. செயற்கை நுண்ணறிவும் சேர்கிறது. நிதி கைக்கு வந்ததும் தொடக்கவிழா. பெரும்பாலும் தை பிறந்த பிறகு.

வடகிழக்குப் பருவமழை அதுவரை காத்திருக்க ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆகவே வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கும் வாசகர்கள், தலைவர் மீதுள்ள மதிப்பைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளாமல், அக்டோபருக்குள் இன்வெர்ட்டரையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மாடிக்கு ஏற்றிவைத்துவிடுங்கள்.